வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அவளை நினைத்தால் எனக்கு முதலில் மணிக்கட்டுதான் எரியும்.

மில்லில் வேலைக்குச் சேர்ந்த அன்று நடந்தது அது. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மழை பொய்த்து, வீட்டில் உலை வைக்க வழியில்லாமல், பதினேழு வயதில் தூத்துக்குடிக்கு வந்தேன். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு மறுவருஷம். சண்டைக்கு நூல் வேண்டும் என்று மில்லில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரீலிங் பகுதி மேஸ்திரி என் பெயரைப் புத்தகத்தில் எழுதி முடித்ததும், இரண்டு கையையும் கூப்பி, "ரொம்ப உபகாரம் அய்யா" என்றேன். படாரென்று மணிக்கட்டில் அடி விழுந்தது. அடித்தது மேஸ்திரி இல்லை. பின்னால் நூல் கூடையோடு நின்ற ஒருத்தி.

"கையை இறக்குளா. அவரு வீட்டுச் சோத்தையா போடுதாரு? பொழுதன்னைக்கும் நின்னு நூல் சுத்தப் போற. இதுல யாருக்கு யாரு உபகாரம்?"

மேஸ்திரி சிரித்தார். "வந்த அன்னைக்கே பிள்ளையக் கெடுக்காத" என்றார். அவள் சிரிக்கவில்லை. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். ஆலந்தலைக்காரி. கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பம். நல்ல உயரம். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். தோணியில் கொழும்புக்குப் போன புருஷன் திரும்பவில்லை. செத்தானா, அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டானா, யாருக்கும் தெரியாது. யாராவது அவளிடம் "பாவம்" என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். "பாவத்தைச் சாமியாருகிட்டப் போய்ச் சொல்லு. எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுத?" என்பாள்.

அவளையும் சேர்த்து நாங்கள் பன்னிரண்டு பெண்கள், மில்லுக்குப் பின்னால் ஒரு பருத்திக்கொட்டைக் கிட்டங்கியில் இருந்தோம். எங்கள் சம்பளத்துக்கு அந்தச் சரக்கு அறைதான் கிடைத்தது. மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் சாக்கு. கதவு கிடையாது. பக்கத்துப் பஞ்சுப்பேட்டையில் மூட்டை தூக்குகிற ஆண்கள் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சாக்குக்கு எதிரே வந்து உட்காருவார்கள். கடல் காற்று அடித்தால் சாக்கு விலகும். அதற்காகவே காத்திருப்பார்கள். எங்களில் ஒருத்தியின் அப்பா ஒருநாள் மகளைப் பார்க்க வந்தார். அந்தச் சாக்கையும் எதிரே உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தார். அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். அடுத்த மாதமே நாற்பது வயசுக்காரன் ஒருவனுக்கு அவளை இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். ஒரு கதவு இருந்திருந்தால் அவள் எங்களோடு நூல் சுற்றிக்கொண்டிருந்திருப்பாள். இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

கிட்டங்கிக்காரரிடம் அவள்தான் போய்க் கதவு கேட்டாள். கேட்டாள் என்று சொல்வது தப்பு. "கதவு போடுங்க" என்றாள். "கதவு வேணும்னா கதவுள்ள வீட்டுக்குப் போங்க" என்றார் அவர். சரி என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் செல்லம்மாவையும் இழுத்துக்கொண்டு வீடு தேடப் புறப்பட்டாள். செல்லம்மா பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துப் பெண், எங்களில் எல்லோருக்கும் இளையவள், பதினாறு வயது.

அப்போது ஊரில் வீடுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போடுவான் என்று பயந்து பணக்காரர்கள் கடலை விட்டுத் தள்ளியிருந்த ஊர்களுக்குப் போயிருந்தார்கள். தெருத்தெருவாகப் பூட்டு தொங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் சாவி வைத்துக்கொண்டு ஓர் ஆள் இருப்பார். ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஆம்பளத் துணை யாரு?"

ஏழாவது வீட்டுச் சாவி வைத்திருந்தவர் கொஞ்சம் இளகின மாதிரி தெரிந்தது. எனக்குக் கால் ஓய்ந்துபோயிருந்தது. என்னை அறியாமல் கை கூடிவிட்டது. "அண்ணாச்சி, நீங்கதான் தயவு பண்ணணும்" என்றேன். அவர் முன்னாலேயே மணிக்கட்டில் அடி விழுந்தது.

"தயவு கேக்க வரல அண்ணாச்சி. வாடகைக்கு வீடு கேக்க வந்திருக்கோம். உண்டா, இல்லயா?"

"இந்தத் திமிருக்கு வீடு இல்ல" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருந்தால் கிடைத்திருக்குமோ என்று வருஷக்கணக்காக நினைத்திருக்கிறேன். அவளுடைய வாயால் நாங்கள் நஷ்டப்பட்டது கொஞ்சமில்லை. ஒரு தடவை மேஸ்திரியோடு அவள் போட்ட சண்டையில் ரீலிங் பெண்கள் அத்தனை பேரையும் அரை நாள் வெளியே நிறுத்தினார்கள். தண்ணீர் கொண்டுவருகிற கிழவியைக்கூட ஒருநாள், காசு வேண்டாம், சும்மா ஊற்றிவிட்டுப் போகிறேன் என்று சொன்னதற்காக, அழுகிற அளவுக்குத் திட்டினாள். அது அநியாயம். அவளிடமே சொன்னேன். "ஆமா, அநியாயந்தான்" என்றாள். ஆனால் கிழவியிடம் போய் அதைச் சொல்லவில்லை.

எனக்குக் காய்ச்சல் கண்டபோதும் திட்டித்தான் பார்த்துக்கொண்டாள். "சாவுததுக்கு வேற எடம் கெடைக்கலயா உனக்கு? எந்திளா. கஞ்சியக் குடி." திட்டிக்கொண்டே என் காலைப் பிடித்துவிட்டாள். அந்தக் கைகளில் நூல் அறுத்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அவை என் பாதத்தில் உரசியது இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் இலவசச் சோறு என்றால் எல்லாவற்றையும் அவள் ஒதுக்கினாள் என்று நினைக்கக் கூடாது. மாதா கோயில் திருநாளில் அசனம் என்று ஊருக்கெல்லாம் ஒரே பந்தியில் சாப்பாடு போடுவார்கள். எங்களையும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்து, மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் கேட்டேன், "இது மட்டும் சும்மா வாங்கலாமாக்கா?"

"இங்கன பங்குச் சாமியாரும் இதே வரிசையில உக்காந்துதான் திங்காரு. எவனாவது உன் மூஞ்சியப் பாத்துட்டுச் சோறு போட்டானா? பாத்துட்டுப் போட்டா நான் எந்திச்சிருவேன்."

அந்தச் சமயத்தில்தான் ஊரில் பெரிய மனிதர்கள் சிலர் ஒரு சங்கமாகச் சேர்ந்து, ஏழைப் பெண் தொழிலாளிகளுக்காக ஓர் ஆதரவு இல்லம் திறந்தார்கள். எங்கள் மில்லும் அதற்குக் கொடை கொடுத்தது. ஓட்டுக் கட்டிடம். சிமிண்டுத் தரை. பத்துப் பேருக்கு இடம். குறைந்த சம்பளக்காரப் பெண்களுக்கு வாடகையில் பாதியைச் சங்கமே போட்டுக்கொள்ளும் என்றார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

இடம் கேட்டு வந்தவர்களைச் சங்கத் தலைவரும் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற மேட்ரன் அம்மாவும் உட்கார்ந்து விசாரித்தார்கள். எங்கள் தலையில் பேன் இருக்கிறதா என்று ஒருத்தி குச்சியால் விலக்கிப் பார்த்தாள். ஊரில் யாரோடாவது பழக்கம் உண்டா என்று மேட்ரன் கேட்டாள். இல்லத்துச் சட்டங்களைத் தலைவரே வாசித்தார். காலையில் கொடையாளிகளின் படத்துக்கு முன்னால் வரிசையாக நின்று நன்றிப் பாட்டுப் பாட வேண்டும். அவர்கள் பார்க்க வந்தால் எழுந்து நிற்க வேண்டும். சொந்தக்காரர்கள் வரக் கூடாது. வேலைக்குப் போகிற நேரம் தவிர வெளியே போகக் கூடாது.

அவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அதைத் திறந்து, முன்னும் பின்னும் பார்த்தாள்.

"தாழ்ப்பாள் வெளிப்பக்கமால்லா இருக்கு? உள்ள ஒண்ணையும் காணோமே" என்றாள்.

"உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார் தலைவர். மெதுவாகப் பேசுகிறவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"பாதுகாப்புன்னா உள்ள இருக்கவ கையில இருக்கணும். வெளிய நின்னு பூட்டுதது ஆட்டுக்கு."

"பிடிக்கலன்னா உன்ன யாரும் கட்டாயப்படுத்தல."

"ஆமா" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் யாரும் எழவில்லை. பத்து இடம் இருந்தது. நாங்கள் பத்துப் பேர் சேர்ந்தோம். அவள் கிட்டங்கிக்கே போனாள்.

இல்லத்தில் மழை ஒழுகவில்லை. ஆண்கள் வந்து எதிரே உட்காரவில்லை. நன்றிப் பாட்டு இரண்டு வாரத்தில் மனப்பாடமாகிவிட்டது. மில்லில் அவள் எங்களோடு பேசத்தான் செய்தாள். ஆனால் தினமும் ஒரே கேள்விதான். "தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கு?" எங்களுக்கு எரிச்சலாக வரும். நல்ல இடம் கிடைத்தது அவளுக்குப் பொறாமை என்றுகூடப் பேசிக்கொண்டோம். அதில் நானும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மேட்ரன் எங்களை உள்ளே விட்டு, தாழ்ப்பாள் போட்டு, அதில் பூட்டும் போட்டுவிட்டு, தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லம்மாவுக்கு வாந்திபேதி கண்டது. ஒரு மணி நேரத்துக்குள் கண் குழிவிழுந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போனது. குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கதவைத் தட்டினோம். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினோம். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். "மேட்ரன் அம்மா வரட்டும்" என்றார்கள். வாந்திபேதி என்றதும் விலகிப் போனார்கள். தலைவர் வீடு அதே தெருவில்தான். அங்கே ஓர் ஆள் போய்ச் சொன்னான். அய்யா தூங்குகிறார் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் மீன் விற்றுக்கொண்டு போன ஒரு பெண்ணிடம் சொன்னேன். கிட்டங்கிக்குப் போய் அவளிடம் சொல்லச் சொன்னேன். அந்தப் பெண் கூடையைச் சன்னலுக்குக் கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

அவள் வந்த வேகம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. தலை அவிழ்ந்திருந்தது. கையில் கடப்பாரை. "கதவை விட்டுத் தள்ளி நில்லுங்களா" என்று ஒரு சத்தம். நாலே இடி. பூட்டு அசையவில்லை. தாழ்ப்பாள் நிலையோடு பெயர்ந்து வந்தது. செல்லம்மாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனாள். ஜட்கா வண்டிக்காரன் வாந்திபேதிக்காரியை ஏற்ற மாட்டேன் என்றான். அவள் கெஞ்சவில்லை. பேசாமல் ஏறி உட்கார்ந்து, "ஆஸ்பத்திரிக்கு விடுலே" என்றாள். விட்டான்.

செல்லம்மா பிழைத்தாள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம்.

எங்களுக்கு இடம் கொடுத்தவர்கள் நன்றி சொல்லத் தெரிந்தவர்களாக இருந்திருந்தால் இதோடு கதை முடிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை எங்கள் ஒன்பது பேரையும் மில் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் இருந்தார், மேனேஜர் இருந்தார். ஒரு குமாஸ்தா எழுதிவைத்த தாளை வாசித்தார். கதவு பூட்டப்படவில்லை, சும்மா சாத்தி வைக்கப்பட்டிருந்தது. இல்லத்தில் இடம் கிடைக்காத ஆத்திரத்தில் இன்ன பெயருள்ள பெண் கடப்பாரையோடு வந்து, களவாடும் எண்ணத்தில் கதவை உடைத்தாள். செல்லம்மாவின் பெயரே அதில் இல்லை.

"உண்மையச் சொல்ல உங்களுக்குப் பயமா இருக்கும்னுதான் நாங்களே எழுதி வச்சிருக்கோம்" என்றார் தலைவர். அதே மெதுவான குரல். "கையெழுத்துப் போடுறவங்க இல்லத்துல இருக்கலாம்."

எட்டுப் பேர் பெருவிரல் வைத்தார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தாளை என் பக்கம் திருப்பி முழுவதையும் ஒரு தடவை வாசித்தேன். வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவள் பெயரை அந்தத் தாளில் பார்த்தேன். அதனால்தான் இங்கே எழுத மனம் வரவில்லை. ஒரு தடவை அந்தப் பெயருக்குக் கீழே நான் எழுதியது போதும்.

அன்று மத்தியானமே அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டாள். "பூட்டு போட்டது யாரு? அதையும் எழுதியிருக்கா?" என்று மட்டும் மேனேஜரைக் கேட்டாள். அவர் ஆபீசுக்குள் போய்விட்டார். எங்கள் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

கதவை ரிப்பேர் செய்தார்கள். முன்னதைவிடக் கனமான தாழ்ப்பாள். வெளிப்பக்கம்தான்.

ஒரு மாதம் கழித்து, அரை நாள் வேலையை விட்டு, அவளைத் தேடிப் போனேன். கடற்கரையோரம் உப்பளத்தில் ஓலைப் பெட்டியில் உப்புச் சுமந்துகொண்டிருந்தாள். உப்புத் தண்ணீர் பட்டுக் காலெல்லாம் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செல்லம்மாவும் அங்கே அவளோடு இருந்தாள். இல்லத்துக்குத் திரும்பிவரவே இல்லை. என்னைப் பார்த்ததும் செல்லம்மா குனிந்து உப்பை வாரத் தொடங்கினாள்.

"அக்கா, தெரியாமச் செஞ்சிட்டேன்" என்று அழுதேன்.

"தெரிஞ்சுதான் செஞ்ச. உனக்கு வாசிக்கத் தெரியும்லா."

"மன்னிச்சிருக்கா."

"உன் அழுகைய வச்சி நான் என்னத்தளா செய்ய? அங்கன இன்னும் ஒன்பது பேரு உள்ள கெடக்கீங்க. நாளைக்கு இன்னொருத்திக்கு வாந்திபேதி வந்தா யாரு வருவா? போ. போய் அந்தத் தாழ்ப்பாளக் கழட்டு."

அந்த வாரம் மற்ற எட்டுப் பேரிடமும் பேசிச் சம்மதிக்க வைத்தேன். ஒருநாள் ஷிப்டு முடிந்து வந்த நாங்கள் உள்ளே போகவில்லை. தாழ்ப்பாளை உள்பக்கம் மாற்றுகிறவரை முற்றத்திலேயே இருப்போம் என்றேன். மேட்ரன் கத்தினாள். ஊருக்கே அனுப்பிவிடுவோம் என்று ஆள் வந்து மிரட்டினான். வேலைக்கும் போகாமல் மூன்று நாள் உட்கார்ந்தோம். பெரிய நூல் ஆர்டர் இருந்தது. மில்லுக்கு எங்கள் கை வேண்டும். நான்காம் நாள் ஆசாரி வந்து தாழ்ப்பாளைக் கழற்றி உள்ளே மாட்டினார். அடுத்த மாத விழாவில் தலைவர் அதைத் தன் மனைவிக்குத் தோன்றிய யோசனை என்று பேசினார். ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். வாங்கித் தின்றோம்.

தாழ்ப்பாள் மாறியதைச் சொல்லத்தான் மறுபடி உப்பளத்துக்கு ஓடினேன். ஏதோ பரிசு வாங்கிக்கொண்டு போகிற மாதிரி ஓடினேன்.

"அக்கா, தாழ்ப்பாள் உள்ள வந்துட்டு!"

"நல்லது" என்றாள். பெட்டியை இறக்கி வைத்தாள். "அந்தப் பேப்பரு?"

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, "எந்தப் பேப்பருக்கா?" என்றேன்.

"நான் களவாங்க வந்தேன்னு எழுதிக் குடுத்தீங்கல்லா, அது. அதத் திருப்பி வாங்குனீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ரெண்டு மில்லுல போயி நின்னேன். ரெண்டு எடத்துலயும் அதத்தான் சொல்லுதான். அது அங்கன இருக்குத வரைக்கும் நான் களவாணி." முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "உங்க கதவுக்கு மூணு நாளு உக்காந்தீங்க. எனக்கு ஒருநாளு உக்காந்தா என்னளா?"

சத்தமாகக் கேட்கவில்லை. அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே அன்றைக்கு ஒருநாள்தான். பெட்டியைத் தலையில் வைக்கச் செல்லம்மா கை கொடுத்தாள். இரண்டு பேரும் பாத்தி வரப்பில் போய்விட்டார்கள்.

திரும்பி வந்து இரண்டு பேரிடம் பேசிப் பார்த்தேன். இப்போதுதான் எல்லாம் அடங்கியிருக்கிறது, எதற்கு வம்பு என்றார்கள். மற்றவர்களிடம் நான் பேசவில்லை. தனியாகப் போய்க் கேட்டிருக்கலாம். மில் ஆபீஸ் எங்கள் ரீலிங் பகுதியிலிருந்து முப்பது தப்படி தூரம். தினமும் அதைக் கடந்துதான் சாப்பிடப் போவேன். ஒருநாளும் உள்ளே நுழையவில்லை. அடுத்த வருஷம் அவள் உப்பளத்தையும் விட்டுப் போய்விட்டாள் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

தலைவர்மேல் எனக்கு இருக்கிற கோபம் சாகும்வரை போகாது. அதைச் சொல்வது எளிது. நான் அந்த இல்லத்தில் இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தேன். தினமும் என் கையாலேயே கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.